பாடை போகாத சந்து

“இந்த ஜனங்களுக்குப் பூவோட அருமையே தெரியலைம்மா” என்றார் தணிகாசலம்.

தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். குருவான சிவபாக்கியம்மாளைவிட வயதில் மூத்தவர். அதனால் அந்த அம்மாள் சீடரை ‘நீங்க’ என்றுதான் அழைப்பார்.

“ஏன், என்னாச்சு?”

“பின்பக்கத்துச் சந்து எப்படிக் கிடந்துச்சு? மூக்கைப் பொத்திக்கிட்டுப் போகணும். குப்பையை நானே வாரினேன். பாத்தி கட்டினேன். செம்பருத்தி, நந்தியாவட்டை, சாமந்தின்னு வச்சு உயிரைக் கொடுத்து வளர்த்திருக்கேன். ஒருத்தர்கூட நின்னு பார்க்கிறதில்லை.”

சேவை செய்யத்தான் வந்தார். ஆனால் யாராவது நாலு வார்த்தை மெச்சிச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அந்தச் சந்துல இன்னைக்கு ஒரு சாவு. தெரியுமா?”

“மேளச் சத்தம் கேட்டுது.”

“போயிட்டு வாங்க.”

தணிகாசலத்துக்குத் திக்கென்றது. செத்தவரை நினைத்து அல்ல.

பாடை அந்தச் சந்து வழியாகத்தான் வரவேண்டும். இரண்டு பக்கமும் பாத்தி கட்டி, நடுவில் ஒரு ஆள் நடக்க மட்டும்தான் அவர் வழி விட்டிருந்தார். நாலு பேர் தோளில் சுமந்துகொண்டு வந்தால் ஒரு சாமந்தி மிஞ்சாது.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சந்து முனையில் நின்றுகொண்டார். என்ன சொல்லித் தடுக்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தார்.

கடைசி வீட்டிலிருந்து பாடையை எடுத்தார்கள்.

தூக்கியவர்கள் பாத்திகளைப் பார்த்தார்கள். செத்தவரின் மச்சான் முன்னால் நின்று ஏதோ சொன்னான். பாடை வீட்டுக்குப் பின்பக்கமாகப் போயிற்று. அங்கே பாதை கிடையாது, சாக்கடைதான்.

அப்பாடா என்றிருந்தது தணிகாசலத்துக்கு.

அந்த நிம்மதி கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. முழங்கால் ஆழச் சேற்றில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செத்தவரின் தலை ஓரத்தில் தொங்கி ஆடியது. வாசலில் பெண்கள் கதறினார்கள்.

“திரும்பி வாங்கப்பா. இந்த வழியா வாங்க” என்று கத்தினார் தணிகாசலம்.

“எடுத்த பாடையைத் திருப்பக் கூடாதுங்க” என்றான் மச்சான், சேற்றில் நின்றபடி.

தணிகாசலம் ஓடினார். தன் பாத்தியைத் தானே மிதித்துக்கொண்டு ஓடினார். கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு சாக்கடையில் இறங்கி, சாய்ந்த பக்கத்துக்குத் தோள் கொடுத்தார்.

சுடுகாடுவரை அந்தத் தோளை அவர் எடுக்கவில்லை.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு மடத்துக்கு வந்தார்.

“எல்லாத்தையும் பிடுங்கிடறேம்மா.”

“நடும்போது யாரைக் கேட்டு நட்டீங்க?”

“யாரையும் கேட்கலை.”

“பிடுங்கும்போதாவது கேளுங்க.”

காரியம் முடியட்டும் என்று காத்திருந்தார். அதற்கு மறுநாள் கடப்பாரையோடு போனார். செத்தவரின் மனைவி பச்சையம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“பாத்தியை எல்லாம் எடுத்துடறேம்மா. வழி அகலமாகட்டும். உனக்குச் சம்மதந்தானே?”

“வேணாங்கய்யா” என்றாள் அவள்.

எழுந்து அவரை உள்ளே கூட்டிப்போனாள். சந்தைப் பார்த்த ஜன்னல். அதன் கீழே, கட்டில் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது.

“இங்கதான் படுத்த படுக்கையா கெடந்தாரு. காலைல கண்ணு முழிச்சா ஒங்க பூவத்தான் பாப்பாரு. எது மொட்டு விட்டிருக்கு, எதுக்குத் தண்ணி பத்தலன்னு எங்கிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அத மிதிச்சு அவரத் தூக்கிக்கிட்டுப் போக எங்களுக்கு மனசு வரல.”

தணிகாசலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

அவர் அழுது முடித்ததும் பச்சையம்மா சொன்னாள்:

“எனக்குப் பூவு கீவெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்கய்யா. நான் போறப்ப மிதிச்சுக்கிட்டே தூக்கிட்டுப் போங்க.”