டீச்சருக்குத் தெரியாத எஃப் கார்ட்

கோத்தகிரியில் சிங்காரவேலு என்று ஒரு டீமேக்கர் இருந்தார். முப்பத்து நான்கு வருடம் ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் இலையின் பக்குவத்தைக் கணிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பிடி இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம்" என்பார். அதற்கு மேல் அங்கே யாரும் பேசமாட்டார்கள்.

ஐம்பத்தொன்பதாம் வயதில் அவர் கிடார் கற்றுக்கொள்ளப் போனார்.

ஆசிரியையின் பெயர் ஹெலன். வயது முப்பத்திரண்டு. பேக்கரி மாடியில் ஒரே அறை. மாணவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் காலைப் பதினோரு மணியைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார் சிங்காரவேலு.

முதல் நாளே கேட்டார்.

"டீச்சர், எனக்கு ஒரே ஒரு பாட்டு போதும். தப்பில்லாம வாசிக்கணும். பொங்கலுக்குள்ள முடியுமா?"

அப்போது ஆகஸ்ட் மாதம்.

"இலையை எப்போ டிரையர்ல போடணும்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார் ஹெலன்.

"வாசம் மாறும். அதுவே சொல்லும்."

"எத்தனை மணிக்குச் சொல்லும்?"

"அதெப்படிங்க முன்கூட்டியே சொல்ல முடியும்?"

ஹெலன் கிடாரை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

முடியும் என்றாரா, முடியாது என்றாரா? வீடு போய்ச் சேரும்வரை சிங்காரவேலுவுக்கு விளங்கவில்லை.

செப்டம்பர் முழுக்க விரல் நுனி எரிந்தது. எந்தக் கம்பியில் எந்த விரல் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஆனால் மோதிர விரலைக் கூப்பிட்டால் சுண்டு விரல் வந்தது. ஹெலன் சளைக்காமல் திருத்தினார். "நகத்தை ஒட்ட வெட்டுங்க." "தோளைத் தளர விடுங்க." "விரலைச் சாய்க்காதீங்க, நிமிர்த்துங்க." ஒவ்வொரு வகுப்பிலும் ஏதாவது ஒன்று கொஞ்சம் சரியானது.

அக்டோபரில் ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பி அறுந்தது.

ஹெலன் புதுக் கம்பி மாட்டி முறுக்கினார். நுனியில் ஒரு சாண் நீளம் மிச்சமாக நீட்டிக்கொண்டு நின்றது. கட்டிங் பிளேயரை அவரிடம் கொடுத்தார்.

"மிச்சத்தை வெட்டிடுங்க சார்."

சிங்காரவேலு வாங்கினார். கம்பியின் பக்கத்தில் கொண்டுபோனார். வெட்டாமல் திருப்பி நீட்டினார்.

"நீங்களே வெட்டிடுங்க டீச்சர்."

ஹெலன் கை நீட்டவில்லை. என்ன என்றும் கேட்கவில்லை. சிங்காரவேலு பிளேயரைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே சொன்னார்.

"எனக்கு ஒரு பையன். நித்திலன். ப்ளஸ் ஒன் படிக்கும்போது எந்நேரமும் கிடாரும் கையுமா இருப்பான். ஒரு பரீட்சையில கணக்கு போயிடுச்சு. மார்க் ஷீட்டைப் பார்த்தேன். டூல்ஸ் பாக்ஸ்லேர்ந்து இதே மாதிரி ஒண்ணை எடுத்து, ஆறு கம்பியையும் ஒவ்வொண்ணா வெட்டினேன். அவன் கதவுகிட்ட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். அழல. வேண்டாம்னும் சொல்லல."

கீழே கிடந்த பிளேயரைப் பார்த்தார்.

"கடைசிக் கம்பி தடிமன். ஒரே அழுத்துல அறுபடல. ரெண்டாவது தடவை அழுத்தினேன். அப்பவாவது நிறுத்தியிருக்கலாம்."

"இப்போ எங்க இருக்கார்?"

"பெங்களூர்ல. இருபத்தெட்டு வயசாச்சு. பொங்கலுக்கு ரெண்டு நாள் வருவான். பஸ் கிடைச்சுதா, சாப்பிட்டியா. அதுக்கு மேல எங்களுக்குள்ள பேச்சு இல்ல. சொந்தமா ஒரு கிடார் வாங்கி வாசிக்கறானாம். அவங்க அம்மா சொல்லித்தான் தெரியும்."

"அதனாலதான் பொங்கலுக்குள்ளேன்னு கேட்டீங்களா?"

"என்னான்னு சொல்றதுன்னு எனக்குத் தெரியல டீச்சர். வாசிச்சுக் காட்டினா அவனே புரிஞ்சுக்குவான்."

"நடுவுல தப்பு வந்தா?"

"வரக் கூடாது. அவன் முன்னாடி நான் தப்பா வாசிக்க முடியாது."

ஹெலன் மிச்சக் கம்பியை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார்.

அடுத்த வாரம் எஃப் கார்ட் என்ற சுரக்கூட்டு ஆரம்பமானது. அவர் எடுத்திருந்த பாட்டின் நடுவில் அது நான்கு இடத்தில் வருகிறது. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களுக்கும் தனித்தனி வேலை. சிங்காரவேலு அழுத்தினார். ஒரு கம்பிகூட ஒலிக்கவில்லை. தகரத்தைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது.

ஹெலன் அவர் கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்படியே ஐந்து வாரம் போனது.

"எங்க தப்பு டீச்சர்?"

"தெரியலையே சார்."

"நீங்க வாசிச்சுக் காட்டுங்க."

ஹெலன் வாசித்தார். ஆறு கம்பியும் தெளிவாக ஒலித்தன.

"உங்களுக்கு மட்டும் எப்படி வருது?"

"வருது."

"எனக்கு ஏன் வரல?"

"தெரியல சார்."

சிங்காரவேலு குழம்பிப் போனார். நகம் வரைக்கும் பார்த்துத் திருத்தியவர் இவர். இப்போது எதைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார். தன் கையில்தான் கோளாறா, வயதா? இதற்கு மேல் வராது என்பதை முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறாரா?

ஆறாவது வாரம் பொறுமை போய்விட்டது.

"முப்பத்து நாலு வருஷம் ஆளுங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கேன். தெரியலைன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்ல."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

"வீட்டுல?"

சிங்காரவேலு கிடாரை உறையில் போட்டார். படி இறங்கும்போது ஹெலன் மேலேயிருந்து சொன்னார்.

"வாசிக்கத் தெரிஞ்ச வேற யாரையாவது கேட்டுப் பாருங்க சார்."

"கோத்தகிரியில உங்களை விட்டா வேற யார் இருக்கா?"

"கோத்தகிரியிலதான் இருக்கணும்னு இல்லையே."

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் வகுப்புக்குப் போகவில்லை. செல்போனில் வீடியோ பார்த்தார். அதில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வேகவேகமாக வாசித்தார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. படி இறங்கும்போது காதில் விழுந்ததை மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொண்டார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவர் மனைவி கமலவேணி கூடத்தில் உட்கார்ந்து மகனோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் சிங்காரவேலு தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். அன்று உள்ளறையில் கிடாரோடு உட்கார்ந்திருந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு கிடாரைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்து நின்றார்.

கமலவேணி அவரைப் பார்த்தார். போனைத் திருப்பிக் காட்டினார்.

"நித்திலா, எனக்கு எஃப் வரமாட்டேங்குது" என்றார் சிங்காரவேலு.

அந்தப் பக்கம் அசைவே இல்லை. சிக்னல் போய் படம் உறைந்துவிட்டது என்று நினைத்தார். அப்புறம் நித்திலன் கண் சிமிட்டியது தெரிந்தது.

"வைங்க, பாக்கலாம்."

உட்கார்ந்து வைத்தார். தகரச் சத்தம் வந்தது.

"இன்னொரு தடவை. அம்மா, போனைக் கிட்ட கொண்டுபோங்க. கைக்குப் பக்கத்துல. அந்தப் பக்கமாப் பின்னாடி காட்டுங்க."

கமலவேணி காட்டினார்.

"கட்டை விரல் மேல எட்டிப் பாக்குது பாருங்க. அதைக் கீழ இறக்குங்க. கிடார் கழுத்துக்குப் பின்னாடி, நடுவுல வரணும். ஆங். இப்போ."

இரண்டு கம்பி ஒலித்தது.

சிங்காரவேலு நிமிர்ந்தார். "நித்திலா, அன்னிக்கு நான் உன் கிடாரை…"

"விரலை எடுக்காதீங்கப்பா. வந்துக்கிட்டிருக்கு. முழங்கையை உடம்போட ஒட்டி வைங்க."

மூன்று கம்பி. அப்புறம் ஒன்றுமே இல்லை. அப்புறம் நான்கு. கமலவேணி கை மாற்றிக் கை மாற்றிப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. அவர் எழுந்து போகவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து நித்திலன் கேட்டான்.

"எப்போலேர்ந்து கத்துக்கறீங்க?"

"ஆகஸ்ட்லேர்ந்து."

"என்கிட்ட யாரும் சொல்லவே இல்ல."

"சொல்லல."



"அடுத்த ஞாயித்துக்கிழமை இதே நேரத்துக்குக் கூப்பிடறேன். அதுக்குள்ள தினமும் பத்து நிமிஷம் இதை மட்டும் போடுங்க" என்றான்.

மறுநாள் பதினோரு மணிக்கு சிங்காரவேலு பேக்கரி மாடிக்குப் போனார். உட்கார்ந்து எஃப் வைத்தார். ஐந்து கம்பி ஒலித்தது.

"நல்லாயிருக்கு சார்" என்றார் ஹெலன்.

"என் பையன்தான் சொன்னான். கட்டை விரலைப் பின்னாடி இறக்கணுமாம்."

ஹெலன் தலையாட்டினார்.

சிங்காரவேலு தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், இந்தக் கட்டை விரல் ஆறு வாரமா உங்க கண்ணு முன்னாடிதானே இருந்துச்சு?"

"ஆமா சார்."

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

"முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

ஹெலன் தன் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லியிருந்தா, உங்க பையன் சொல்றதுக்கு என்ன சார் மிச்சம் இருந்திருக்கும்?"