நம்மவர் எத்தனை பேர்?

சாத்தையர் அந்த நாட்டின் குடிக்கணக்குத் தலைவர். எவ்வளவு நெல் விளைந்தது, எத்தனை தறி ஓடியது, எத்தனை தொட்டில் ஆடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மருதவாணர் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் சாத்தையர் அவரைத்தான் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார். கணக்குப் பேசாமல் உட்கார்ந்திருக்க ஊரில் வேறு இடம் இல்லை என்பார்.

அன்று காலை அவர் கணக்குப் பேசத்தான் வந்திருந்தார்.

குரு கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சாத்தையர் வரப்பிலேயே உட்கார்ந்தார்.

“முகம் வாடியிருக்கிறதே. நாடு நன்றாக இல்லையா?”

“நாடு நன்றாகத்தான் இருக்கிறது, சுவாமி. விளைச்சல் ஏறியிருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் நிற்க இடமில்லை. பட்டினி என்று ஒரு வீடு இல்லை.”

“பிறகென்ன?”

“பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இருப்பவர்களும் வாலிபமானதும் கப்பலேறிப் போய்விடுகிறார்கள். ஊருக்கு ஊர் கிழவரும் கிழவியும்தான். வயலிலும் தறியிலும் சூளையிலும் வடக்கு மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள்.”

“மன்னர் என்ன சொல்கிறார்?”

“நம்மவர் எத்தனை பேர், அந்நியர் எத்தனை பேர் என்று பிரித்துத் தரச் சொல்கிறார். இனிமேல் அரண்மனைக் களஞ்சியத்து நெல் நம்மவருக்கு மட்டும்தானாம். நாளை சபையில் நான் சொல்லியாக வேண்டும்.”

“சொல்லிவிட வேண்டியதுதானே?”

“எங்கே கோடு போடுவது, சுவாமி? இங்கே வந்து பதினைந்து வருஷமாகச் செங்கல் அறுப்பவன் யார்? சூளை ஓரத்திலேயே பிறந்த அவன் மகள் யார்? கடல் கடந்து போய் அங்கேயே வீடு கட்டிக்கொண்ட நம் பையன் யார்? ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

குரு குடத்தைக் கவிழ்த்து வைத்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

“மேலக்கரையில் ஒரு சாவு. கொம்பையா போய்விட்டாராம். வாருங்கள், போய்விட்டு வந்துவிடலாம்.”

சாத்தையருக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் எழுந்து நடந்தார்.

மேலக்கரை செழிப்பான ஊர். தெருவில் இருபுறமும் புதுக் காரை வீடுகள். பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. கொம்பையாவின் வீடுதான் தெருவிலேயே பெரியது. பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து சம்பாதித்து அனுப்பிக் கட்டியது. முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி முத்தாயி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஊர்ப் பெரியவர்கள். ஒருவருக்கு முழங்கால் மடங்காது, ஒருவருக்குக் கண் தெரியாது.

பாடை கட்டி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாட்டாமை தடியை ஊன்றிக்கொண்டு குருவிடம் வந்தார்.

“எல்லாம் தயார்தான், சாமி. தூக்கத்தான் ஆளில்ல.”

“பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டீர்களா?”

“சொல்லி என்ன பண்ண? கப்பல் வந்து சேர மாசக்கணக்காகும். பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பலாம்னா, அங்கயும் இதே கதைதான். எப்படிப் பார்த்தாலும், வண்டியில ஏத்திக்கிட்டுப் போறதைத் தவிர வேற வழி தெரியல.”

முத்தாயி தலையை நிமிர்த்தினாள்.

“வண்டியிலயா? மூட்டையா அவரு?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சூளைக்காரப் பசங்களைக் கூப்பிடுங்க” என்றாள்.

நாட்டாமை தயங்கினார். “அவங்க எந்த ஊரோ, என்ன சனமோ. நம்ம பேச்சே சரியா வராதே, ஆத்தா.”

“மழைக்காலம் பூரா இவரு படுக்கையில கிடந்தாரு. புரட்டிப் போட்டதும் பின்பக்கம் கழுவிவிட்டதும் அவங்கதான். அதுக்கு என்ன பேச்சு வேண்டியிருந்துது?”

கூப்பிட யாரும் போகவேண்டியிருக்கவில்லை. மூன்று பேர் வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். குளித்து, ஈரத் தலையோடு, எப்போதோ வந்து நின்றிருக்கிறார்கள். அழைக்காத வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார்கள். முத்தாயி கையசைத்ததும் உள்ளே வந்து பாடையின் பக்கம் போனார்கள்.

ஒரு தோள் குறைந்தது. குரு சாத்தையரைப் பார்த்தார். சாத்தையர் மேலங்கியைக் கழற்றி ஒரு கிழவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.

அவர் நெட்டையானவர். அவரோடு முன்பக்கம் தூக்கியவன் மங்ரு என்பவன், குள்ளமானவன். மூங்கில் அவன் தோளில் சரியாகப் படாததால், நாலடி நடப்பதற்குள் பாரமெல்லாம் சாத்தையர் தோளில் இறங்கியது. அவருக்கு மூச்சு வாங்கியது. மங்ரு அதைக் கவனித்தான். நடந்துகொண்டே தன் துண்டை உருவி, மடித்து மடித்துத் தன் தோளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே திணித்தான். பாடை சமமாயிற்று. சாத்தையர் அவன் பக்கம் திரும்பினார். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க இருந்த துண்டும் மூங்கிலுக்கு அடியில் இருந்தது.

பங்காளி முறையில் நாட்டாமை கொள்ளி வைத்தார். எல்லோரும் ஆற்றில் இறங்கித் தலைமுழுகினார்கள்.

சாத்தையர் கரையேறி வேட்டியைப் பிழிந்தார். தோள் கன்றிப்போயிருந்தது. குரு பக்கத்தில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

“சுவாமி, நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.”

குரு வாய் திறப்பதற்குள் மங்ரு அவர்கள் முன்னால் வந்து நின்றான். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கக் கூச்சம் போலும். தன்னோடு பாடை தூக்கியவரிடமே கேட்டான்.

“ஐயா, இங்க எந்த நாள் மொட்டை போடறது?”

“எதற்கு?”

“எங்க ஊர்ல அப்பா செத்தா பத்தாம் நாள். இவர் பிள்ளைங்க தூரத்துல இருக்காங்க. ஒருத்தர்கூட மொட்டை போடாம இவரை அனுப்பக் கூடாது.” கொஞ்சம் நிறுத்தி, வார்த்தையைத் தேடினான். “நாங்க போட்டா தப்பா, ஐயா?”

 சாத்தையர் குருவின் பக்கம் திரும்பினார்.

“சுவாமி, நாளைக்கு மன்னர் கேட்பாரே. நான் என்னதான் சொல்ல?”

“மன்னர் நாளைக்குத்தான் கேட்பார்” என்றார் குரு. “இவன் இப்போதே கேட்டுவிட்டான். இவனுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?”