தட்டும்வரை குனிந்திரு

தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை மருதாசலம் மறுபடியும் கிள்ளினார். அது வீறிட்டது. அப்பாடா, உயிர் இருக்கிறது என்று அவர் மூச்சு விட்டார்.

அவர் மனைவி செண்பகம் எழுந்து உட்கார்ந்தாள். வழியெல்லாம் பஸ்ஸில் கிள்ளியாயிற்று. இப்போது மடத்துக்கு வந்து மத்தியானம் படுத்த பிறகும் கிள்ளல்.

"பிள்ளை பிறந்ததுலேருந்து நானும் தூங்கலை, அதுவும் தூங்கலை. உங்க குருகிட்ட இன்னிக்கே பேசிடுங்க. சரியாகலைன்னா நாங்க எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுறோம். நீங்க தனியா உட்கார்ந்து உங்களையே கிள்ளிக்குங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்ததும் தூங்கியும்விட்டாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. இன்னும் கழுத்துக்கூட நிற்கவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டிய மனுஷன். இருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

குரு தவமணியம்மா மருதாசலத்தைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குரு குருதான். மருதாசலம் அவரை 'அம்மா' என்பார். அம்மா அவரை 'அண்ணே' என்பார்.

மருதாசலம் குழந்தையோடு போய் அம்மா முன்னால் நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, மனுஷனால முழுசா சந்தோஷமா இருக்க முடியுமா, முடியாதா? பரிணாமம் நம்மளை இப்படித்தான் செஞ்சு வச்சிருக்குன்னு சொல்றாங்க. இவ்வளவுதான், இதுக்கு மேல கிடையாதுன்னு. அப்படின்னா நான் எதுக்கு இத்தனை வருஷமா இங்க வந்து கண்ணை மூடி உட்காரணும்?"

"நல்ல கேள்வி. தாகமா இருக்கா?"

"இல்லை."

"பரவாயில்லை, வாங்க."

மடத்துக்குப் பின்னால் காடு. காட்டின் விளிம்பில் ஒரு குட்டை. அங்கே தண்ணீர் குடிக்க யாரும் தனியாகப் போவதில்லை. மடத்து வழக்கம் அது. ஒருவர் குனிந்து குடிப்பார். இன்னொருவர் நின்று, மிருகம் ஏதும் வருகிறதா என்று காட்டைப் பார்ப்பார். நிற்பவர் முதுகில் தட்டினால் நிமிர வேண்டும். அதுவரை கவலையில்லாமல் குடிக்கலாம்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கரையில் மான்கள். ஒரு வாய் குடிக்கும், வெடுக்கென்று தலையைத் தூக்கும். மறுபடி ஒரு வாய், மறுபடி தூக்கும்.

"பாவம்," என்றார் மருதாசலம். "நிம்மதியா தண்ணி குடிக்க முடியுதா பாருங்க."

"நிம்மதியா குடிச்ச மானும் இருந்திருக்கும்ல, அண்ணே?"

"இருந்திருக்கும்."

"அதோட குட்டிங்க எங்கே?"

மருதாசலம் அக்கரையைத் தேடிப் பார்த்தார். எல்லா மானும் தலையைத் தூக்கித் தூக்கித்தான் குடித்தது.

"நாம மான் இல்லையே," என்றார். "பயத்தை ஜெயிச்சவங்க ஒருத்தர்கூடவா இல்லை?"

"இருந்தான். சடையன். உங்களுக்கு முன்னால வந்த சீடன். அவனுக்குப் பயமே போயிடுச்சு. முகம் விளக்கு மாதிரி இருக்கும். எனக்கே பொறாமையா இருக்கும்."

"அவரை நான் பார்க்கணுமே. எங்கே இருக்கார்?"

"நீங்க மிதிச்சிட்டு நிக்கிறது அவன் செருப்பு."

மருதாசலம் துள்ளி விலகினார். ரப்பர் செருப்பு. பாதி சேற்றில் புதைந்திருந்தது. ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி விட்டபடியே, தண்ணீரைப் பார்த்து.

"பிள்ளையைக் கொடுங்க," என்றார் அம்மா. "குனிஞ்சு குடிங்க. நான் தட்டுற வரைக்கும் தலையைத் தூக்கக் கூடாது. என்ன ஆனாலும்."

"தாகமில்லைன்னேனே, அம்மா."

"குடிங்க, அண்ணே."

குழந்தையைக் கொடுத்துவிட்டுக் குனிந்தார். முதல் வாய் இனித்தது. சத்தியமாக இனித்தது. பிள்ளை பிறந்த பிறகு எதுவும் அவருக்கு அப்படி இனித்ததில்லை.

அப்புறம் சத்தம் நின்றது. தவளை, சிள்வண்டு, எல்லாம் ஒரே நேரத்தில், தொண்டையை நெரித்த மாதிரி. தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் ஒரு புதர் தெரிந்தது. காற்றே இல்லை. புதர் அசைந்தது.

முதுகில் தட்டு விழவில்லை.

அவர் தலையைத் தூக்கினார்.

அக்கரையில் ஒவ்வொரு மானும் அவருக்குப் பின்னால் இருந்த அந்தப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில்தான் நின்றார். குழந்தை அவர் தோளில். ஒரு கை அதன் முதுகில், ஒரு கை அதன் தலைக்குப் பின்னால். தட்டுவதற்கு அவருக்குக் கையே இல்லை.

கழுத்து நிற்காத குழந்தை அந்தக் கையைத் தள்ளிக்கொண்டு தலையைத் தூக்கியிருந்தது. முதல் தடவையாக. அதுவும் புதரைத்தான் பார்த்தது. அழவில்லை.

புதர் மெல்ல அடங்கியது. ஒரு தவளை கத்தியது. மான்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன.

மருதாசலம் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க தட்டவே இல்லையே, அம்மா."

"சடையனுக்கும் தட்டுற வரைக்கும் தலையைத் தூக்காதேன்னுதான் சொன்னேன்," என்றார் அம்மா. "அவன் சொன்னபடி கேட்டான்."

குழந்தையின் தலை சாய்ந்தது. கண் மூடிக்கொண்டது. அம்மா அதை மருதாசலத்தின் தோளுக்கு மாற்றினார். அது துணி மாதிரிக் கிடந்தது. மூச்சு வருகிறதா இல்லையா, அவருக்குத் தெரியவில்லை.

"உயிர் இருக்கான்னு தெரியணும்ல, அண்ணே? கிள்ளிப் பாருங்க."

மருதாசலம் திரும்பி, காட்டைப் பார்த்து நின்றுகொண்டார். கிள்ளவில்லை.