மருத மரத்துக் கூட்டின் காவல்

ஆற்றங்கரை மருத மரத்தின் பொந்தில் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. வாசலில் நொச்சி என்ற தேனீ காவல் நின்றாள். உள்ளே நுழையும் ஒவ்வொருவரையும் அவள் முகர்ந்து பார்ப்பாள். அந்தக் கூட்டுக்கென்று ஒரு மணம் உண்டு. அது இருந்தால் வழி விடுவாள். இல்லாவிட்டால் கொட்டி விரட்டுவாள். எறும்பானாலும் சரி, எட்டுக்கால் பூச்சியானாலும் சரி, அவளை ஏய்த்து உள்ளே போனதில்லை.

அதே மரத்தின் பட்டை இடுக்கில் சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று இருந்தது. தேனடையில் முட்டையிட வேண்டும் என்பது அதன் ஆசை. போன போதெல்லாம் அடி வாங்கித் திரும்பியது.

“அவள் முகத்தைப் பார்த்தா அடிக்கிறாள்? மணத்தைப் பார்த்துத்தானே அடிக்கிறாள்!” என்று அது யோசித்தது.

மரத்தடியில் தேனீக்கள் தள்ளிவிட்ட பழைய அடைத்துண்டு ஒன்று கிடந்தது. அந்துப்பூச்சி அதில் நன்றாகப் புரண்டு எழுந்தது. மழை தூறிய ஒரு மாலையில், அவசரமாக வீடு திரும்பும் தேனீக்களோடு கலந்து வாசலுக்கு வந்தது.

“யாரது? ஆளே வேறு மாதிரி இருக்கிறாயே!” என்றாள் நொச்சி.

“நான்தான், உன் அக்கா! மழையில் இறகு நனைந்து உப்பிப் போச்சு. குளிருது தங்கச்சி, வழியை விடு!”

நொச்சி முகர்ந்தாள். வீட்டு மணம்தான். விலகி நின்றாள்.

அந்துப்பூச்சி இருட்டு மூலையில் முட்டைகளை இட்டுவிட்டு, சத்தமில்லாமல் வெளியேறியது.

சில நாட்கள் கழித்து, அறைகளைத் துப்புரவு செய்யும் தும்பை அலறிக்கொண்டு ஓடி வந்தாள். “அடைக்குள்ளே புழு! மெழுகைக் குடைந்து நூலாம்படை கட்டியிருக்கு! குழந்தைகள் அறைக்குள்ளேயே செத்துக் கிடக்குது!”

கூடே கிளர்ந்து எழுந்தது. புழுக்களை இழுத்து வெளியே எறிந்தார்கள். ஆனால் சில புழுக்கள் ஆழத்தில் பதுங்கிக்கொண்டன.

“அந்தப் பக்கத்து அடையையே பிய்த்து எறியுங்கள்!” என்றாள் ராணி.

“அம்மா, அதில் நல்ல குழந்தைகளும் இருக்கே!” என்றாள் தும்பை.

“தெரியும். விட்டால் மற்றப் பிள்ளைகளும் மிஞ்சமாட்டார்கள்!”

பிய்த்தார்கள். தாங்கள் கட்டியதைத் தாங்களே இடித்தார்கள். கூடு பிழைத்தது. பாதி அடை போயிற்று.

நொச்சிக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. “என்னால்தான் வந்தது. இனி கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் விடமாட்டேன்!” என்று உறுதி எடுத்தாள்.

மறுநாள் ஆவாரை என்ற தேனீ தேன் சுமந்து வந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் எலுமிச்சைத் தோட்டம் பூத்திருந்தது. அவள் மேலெல்லாம் அந்த மணம்.

“நில்! யார் நீ?”

“என்ன நொச்சி, நான் ஆவாரை! நேற்று உன் பக்கத்தில்தானே படுத்திருந்தேன்!”

“அன்று அக்கா என்று வந்தவளும் இப்படித்தான் சொன்னாள்!”

நொச்சி பாய்ந்து கொட்டினாள். ஆவாரை வாசலிலேயே சுருண்டு விழுந்தாள். தும்பை ஓடி வந்து முகர்ந்தாள்.

“அடிப் பாவி! எலுமிச்சைக்கு அடியில் நம்ம வீட்டு மணம்தான் இருக்கு. உடன்பிறந்தவளையே கொன்னுட்டியே!”

அன்றிலிருந்து தேன் எடுக்கப் போனவர்கள் வாசலுக்கு வரவே பயந்தார்கள். மரக்கிளைகளில் ஒண்டிக்கொண்டார்கள். உள்ளே இருந்த குஞ்சுகள் பசித்துக் கிடந்தன. பகைவன் செய்யாததைக் காவல் செய்தது.

நொச்சி மரத்தடிக்கு இறங்கினாள். தூக்கி எறிந்த புழு ஒன்று அங்கே செத்துக் கிடந்தது. அருவருப்பை அடக்கிக்கொண்டு அதை முகர்ந்தாள். மேலே மெழுகு மணம். இன்னும் முகர்ந்தாள். அடியில், ஈரத்துணி மக்கியது போல ஒரு புளித்த வாடை.

“இதுதான்! இதுதான் அவள் வாடை!”

அந்தப் புழுவின் தோலை வாசலுக்கு இழுத்து வந்தாள். காவலுக்கு நிற்கும் எல்லாரையும் முகர வைத்தாள். “வீட்டு மணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நான் ஏமாந்தேன். புது மணம் என்பதற்காக அடித்து ஆவாரையைக் கொன்றேன். வீட்டு மணமும் இருக்க வேண்டும், இந்த வாடையும் இருக்கக் கூடாது. இரண்டையும் பார்த்துவிட்டுக் கொடுக்கைத் தூக்குங்கள்!”

வெளியே ஒண்டியவர்கள் வீடு திரும்பினார்கள். பிறகு வந்த இளம் காவல்காரிகளுக்கும் பழையவர்கள் அந்தத் தோலை முகர வைத்து வாடையைப் பழக்கினார்கள். தேனீயின் ஆயுள் குறைவு. மாமரம் பூக்கும் முன்னே நொச்சி இறந்துபோனாள்.

அந்துப்பூச்சிக்குச் சேதி எட்டியது. “என்னை அடையாளம் தெரிந்த காவல்காரி போய்ச் சேர்ந்தாள்! இனி என்ன பயம்?” என்று மறுபடி மெழுகில் புரண்டு வந்தது.

வாசலில் குவளை என்ற இளம் தேனீ நின்றாள்.

“தங்கச்சி, நான் உன் அக்கா! வழியை விடு!”

குவளை முகர்ந்தாள். “வாங்க அக்கா! எல்லாரும் ஓடி வாங்க, அவள் வந்துட்டாள்!”

தேனீக்கள் பந்து போல அதைச் சுற்றி மொய்த்தன. இறகுத் தசைகளை அதிர வைத்து உடம்பைக் காய்ச்சின. காய்ச்சல் கண்டது போல அந்தப் பந்து தகித்தது.

“என்னை நீ பார்த்ததே இல்லையே! எப்படித் தெரிந்தது?” என்று உள்ளிருந்து அலறியது அந்துப்பூச்சி.

“நான் பார்த்ததில்லை. கூட்டுக்குத் தெரியும்!” என்றாள் குவளை.

அந்துப்பூச்சி வெந்து விழுந்தது. ஒரு முட்டைகூட உள்ளே போகவில்லை.

கூட்டுக்கானாலும் நோயை எதிர்க்கும் உடம்புக்கானாலும், தன்னவர் யார், பகை யார் என்று பிரித்தறிந்து, அதை மறவாமல் இருப்பதே நல்ல காவல்.