பேச்சித்தாயின் ரெண்டரைச் சுத்து

ஆனித் திருவிழாவுக்கு ராட்டினம் போட்ட வன்னியராஜ் அண்ணாச்சிக்கு ஒரே எரிச்சல். ரேஷன் அரிசிக் கார்டுக்குப் பாதி டிக்கெட் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பஞ்சாயத்து இடமே கொடுத்திருந்தது.

முதல் ஆளாகக் கார்டை நீட்டி ஏறி உட்கார்ந்தவள் பீடி சுற்றும் பேச்சித்தாய். அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "முழு டிக்கெட்டுக்கு அஞ்சு சுத்து. பாதி டிக்கெட்டுக்கு ரெண்டரைதான். ரெண்டரை முடிஞ்சதும் நிறுத்துடே!"

ராட்டினம் ஓட்டுபவன் சொன்னபடியே நிறுத்தினான். பேச்சித்தாயின் பெட்டி உச்சியில் நின்றது.

"இறங்கு!" என்று கத்திய பிறகுதான் அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். "சரி, கீழ கொண்டாடே."

"வேண்டாம்!" என்றாள் பேச்சித்தாய் மேலிருந்து. "கீழ வந்தா மூணு சுத்து ஆயிரும். காசு குடுக்காத சுத்து எனக்கு எதுக்கு? ஏணி கொண்டாங்க, இறங்கிக்கிடுதேன்."

அத்தனை உசரத்துக்கு ஏணி ஏது? மற்றப் பெட்டிகளில் இருந்த முழு டிக்கெட்காரர்கள் கூச்சல் போட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சித்தாய் மடியில் இருந்த கடலையைக் கொறித்தபடி தேரை வேடிக்கை பார்த்தாள். அங்கேயிருந்து தேர் அத்தனை அழகு.

அண்ணாச்சி மறுபடி மைக்கைப் பிடித்தார். "அரிசிக் கார்டுக்கும் அஞ்சு சுத்து! இறங்கி வா தாயீ!"

"இறங்கவா?" என்றாள் பேச்சித்தாய். "இன்னும் ரெண்டரை பாக்கி இருக்கே அண்ணாச்சி. ஓட்டச் சொல்லுங்க."