காக்கை சொன்ன சொல்

சத்தியம், சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய்யானாலும் என் மீசையை ஆட்டுக்கடாவுக்குத் தீனியாகப் போட்டுவிடுங்கள்!

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை மதயானைராயர் என்ற ராசா ஆண்டுவந்தார். ஒருநாள் பந்தியில், வண்டிச் சக்கர அகல அப்பளத்தை அவர் இலையிலிருந்து ஒரு காக்கை கவ்விக்கொண்டு பறந்தது. மந்திரி மங்கைபாகர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

ராசாவுக்குக் கண் சிவந்தது. மந்திரி பதவிக்கு ஏங்கிக் கிடந்த தளவாய் செம்பியருக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"நாடு கடத்துங்கள், மகாராசா!"

"அவசரப்படாதீர். வழக்கப்படி குடம் தீர்ப்புச் சொல்லட்டும்."

அந்த நாட்டில் நாலெழுத்துச் சொல் ஒன்றை, எழுத்துக்கு ஓர் ஓலை நறுக்காக எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். குற்றவாளி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சொல் வரிசையாக வந்தால் விடுதலை. வரிசை பிசகினால் எல்லைக்கு அப்பால்.

செம்பியர் விரல் மடக்கிப் பார்த்தார். நாலு ஓலையை இருபத்துநாலு விதமாக அடுக்கலாம். சரியானது ஒன்றே ஒன்று. ஆள் ஒழிந்தான்! அந்தக் குஷியில் தாராளம் பொங்கியது.

"சொல்லை மந்திரியே தேர்ந்தெடுக்கட்டும்! எந்தச் சொல்லானால் என்ன? அவர் தப்பித்தால் நாளையிலிருந்து உங்கள் பந்தியில் நான் காக்கை ஓட்டுகிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராசா.

மங்கைபாகர் தாடியைச் சொறிந்தார். "'படபட' என்று எழுதலாமா, தளவாயாரே?"

"எழுதுமே! உம்ம நெஞ்சு அடிக்கிற சத்தம்தானே!"

"அதில் ப இரண்டு, ட இரண்டு. ஒரு ப இருந்த இடத்தில் இன்னொரு ப வந்தால் யாருக்குத் தெரியும்? ட-வும் அப்படித்தான். இருபத்துநாலு ஆறாகச் சுருங்கிவிடுகிறதே!"

செம்பியருக்கு லேசாக வியர்த்தது. போகட்டும், ஆறில் ஐந்து இன்னும் நம் பக்கம்தான்.

"ஆனால் ஆறும் எனக்குப் பயமாயிருக்கிறது" என்றார் மந்திரி. "'காகாகாகா' என்று எழுதுங்கள்."

"அது ஒரு சொல்லா?" என்று செம்பியர் அலறினார்.

"என் அப்பளத்தைத் தின்றவன் நாளெல்லாம் அதைத்தானே சொல்கிறான்? எழுதுங்களய்யா!" என்றார் ராசா.

குடம் குலுங்கியது. முதல் ஓலை கா. அடுத்ததும் கா. மூன்றாவதற்குச் சபையே சேர்ந்து கரைந்தது. நாலாவது வருமுன்பே ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

மறுநாள் பந்தியில் செம்பியர் மூங்கில் கழியோடு நின்றார். மந்திரி மனம் இளகிப் பாதி அப்பளம் நீட்டினார். அதை வாங்கத் தளவாய் கழியைக் கீழே வைத்ததுதான் தாமதம், காக்கை கவ்விக்கொண்டு போயிற்று.

மந்திரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். தளவாயின் கொள்ளுப்பேரன் என் பக்கத்து வீடு. அந்தக் கழியும் அவனிடம்தான் இருக்கிறது.