வெள்ளைக் கல்லுக்குக் கீழே

கரட்டுக்காட்டு மேட்டில் முள்ளம்பன்றிகளும் முயல்களும் காடைகளும் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஒன்று இருந்தது. ஊரின் பெயரே சடையன்பட்டி. சடையன் என்கிற முள்ளம்பன்றிதான் முதன்முதலில் அங்கே வளை தோண்டிக் கிழங்கு நட்டவன். அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே உண்டு!

ஒவ்வொரு வருஷமும் கிழங்கு தோண்டும் நாளில் ஊரே கூடும். முதல் கிழங்கைச் சடையன் கையில் கொடுப்பார்கள். அவன் ஊர் பிறந்த கதையைச் சொல்வான்.

உண்மையில் நடந்தது இதுதான். பஞ்சம் பிழைக்கச் சடையன் மனைவியோடு வந்தபோது, மேட்டில் முள்ளைத் தவிர ஒன்றும் கிடையாது. நாக்கு வறண்டு விழுந்து கிடந்தவனை எழுப்பி ஊற்றைக் காட்டியது வீரணன் என்கிற உடும்பு. இரண்டு பேரும் சேர்ந்துதான் முள்ளை அகற்றி நிலம் திருத்தினார்கள். பிறகு வீரணன் அடிவாரத்தில் ஒரு வெள்ளைக் கல்லை உருட்டி வைத்தான்.

“மாப்பிள்ளை, இந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் மட்டும் வளை தோண்டாதே! இது பழைய ஓடை. எப்போதாவதுதான் தண்ணீர் வரும். வந்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும்!”

“நீ சொன்னால் சரி மச்சான்!” என்றான் சடையன்.

ஆரம்பத்தில் ஊர்க் கதையில் வீரணன் இருந்தான். போகப்போக அவன் பங்கு தேய்ந்தது. ஒரு வருஷம், “ஊற்றைக் கண்டுபிடித்தது நான்தான்!” என்றே சொல்லிவிட்டான் சடையன். வீரணன் கூட்டத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

“என்ன மாப்பிள்ளை, என்னை எங்கே விட்டுவிட்டாய்?”

“அட போ மச்சான்! கதை நீண்டால் சின்னதுகள் தூங்கிவிடுகின்றன. இதைப் போய்ப் பெரிசாக எடுத்துக்கொள்ளலாமா?”

வீரணன் சண்டை போடவில்லை. மறுநாளே மேட்டை விட்டுப் போய்விட்டான். சடையன் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை, பாவி! அதற்குப் பிறகு கதையில் வெள்ளைக் கல்லும் வரவில்லை.

வருஷங்கள் ஓடின. பழைய கதை தெரிந்த சடையன் மனைவியும் மூத்தவர்களும் காலமானார்கள். ஊரில் வளை தோண்ட இடம் போதவில்லை. சடையனின் மகள் செவ்வந்தி அப்பனைப் போலவே துணிச்சல்காரி. அவளுக்குக் கணவனும் மூன்று குட்டிகளும் இருந்தார்கள்.

“அப்பா, நானும் ஒரு ஊரை உண்டாக்கப் போகிறேன்! அடிவாரத்தில் நல்ல வண்டல் மண். நீங்கள் வந்து முதல் கிழங்கை நட்டுக் கொடுங்கள்!” என்று ஊர் கூடியிருந்த இடத்தில் கேட்டாள்.

அவள் காட்டிய இடம் வெள்ளைக் கல்லுக்குக் கீழே இருந்தது. சடையன் அவசரமாகக் குறுக்கிட்டான்.

“அங்கே வேண்டாம்மா.”

“ஏன்ப்பா?”

ஏன் என்று சொன்னால் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லைச் சொன்னால் வீரணனைச் சொல்ல வேண்டும். அப்புறம் ஊற்றைக் கண்டது யார் என்று கேட்பார்களே! ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. இத்தனை வருஷம் வராத தண்ணீர் இனிமேலா வரப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

“ஒன்றுமில்லை. உன்னைப் பிரிந்து இருக்கணுமே என்று பார்த்தேன்.”

“இதோ இருக்கிற அடிவாரம்! கூப்பிட்டால் ஓடி வந்துவிட மாட்டேனா?” என்று சிரித்தாள் செவ்வந்தி. ஊரும் சிரித்தது. முதல் கிழங்கைச் சடையனே தன் கையால் நட்டான்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. நடுப்பகலில் ஓடை இரைந்துகொண்டு வந்தது.

“செவ்வந்தி! ஏறி வா! மேலே ஏறி வா!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே சடையன் ஓடினான்.

செவ்வந்தி ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்தாள். அதைக் கணவனிடம் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுக்கத் திரும்பினாள். அங்கே வளை இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

மழை விட்டது. வெள்ளைக் கல் மட்டும் நகராமல் கிடந்தது. செவ்வந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணீர் சரியாக இதுவரைக்கும்தான் வந்திருக்கிறது. இந்தக் கல்லை யார் வைத்ததுப்பா?”

சடையன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

“அப்படியானால் தெரிந்தேதான் நட்டுக் கொடுத்தீர்களா?”

மிஞ்சிய ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு, செவ்வந்தி கணவனோடு மேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அடுத்த அறுவடையில் முதல் கிழங்கைச் சடையன் வாங்கிக்கொள்ளவில்லை. “இது வீரணனுக்குச் சேர வேண்டியது” என்று சொல்லி, அதை வெள்ளைக் கல்லின் மேல் வைத்தான். ஊர் பிறந்த கதையை முழுசாகச் சொன்னான். ஊரே கேட்டது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய வீரணனும் செவ்வந்தியும் அங்கே இல்லை.

தனக்குக் கைகொடுத்தவனை மறைப்பவன், அவன் சொன்ன எச்சரிக்கையையும் சேர்த்தே மறைக்கிறான். அதன் பலனை அவன் பிள்ளைகள்தான் அனுபவிக்கிறார்கள்.